அழைப்பிதழில் அச்சான பட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம் நடந்தது இது. நாங்கள் திருவேற்காட்டில் குடியிருக்கிறோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, பொறியியல் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துகொண்டிருந்தாள். சீட் கிடைத்துவிடும். நான்கு வருடம் ஃபீஸ் எப்படிக் கட்டுவது என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு.

ஒருநாள் மகள், பள்ளியில் கேட்டு வந்த விஷயத்தைச் சொன்னாள். குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியிருக்காவிட்டால், முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டாம்.

"நமக்கு வராதும்மா. அப்பாதான் பி.காம். ஆச்சே" என்றாள் மனைவி. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

உண்மையில் நான் பி.காம். முடிக்கவில்லை. மூன்றாம் வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பரீட்சை ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நின்றுவிட்டேன். கல்யாணம் பேசும்போது என் அண்ணன், "தம்பி டிகிரி முடிச்சவன்" என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார். அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று அச்சாகி வந்தது. அன்று வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பத்தொன்பது வருடம் திறக்கவில்லை.

சரி, வங்கியில் கல்விக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று, அதற்கு வேண்டிய வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்குப் போனேன். நீளமான வரிசை. எனக்கு முன்னால் காக்கிச் சட்டையில் ஒருவர். பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவராம். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"எம்பொண்ணுக்கு மொதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்க வந்துகீறேன் சார். நான் எட்டாவதோட நின்னவன். எங்க ஊட்ல ஒருத்தரும் காலேஜ் பக்கம் போனதில்ல. நாங்க படிக்காம உட்டதுல, இன்னிக்கு பொண்ணுக்கு ஃபீஸ் கொறையுது பாருங்க!"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். என் மகளும் காலேஜில் சேரப்போகிறாள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க படிச்சவரு மாரி கீறீங்க. பாவம், உங்க புள்ளைக்கு அது கெடைக்காது" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டாவதோடு நின்றதை நாலு பேருக்கு நடுவில் உரக்கச் சொல்லி, அந்த மனிதர் தன் மகளுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். நானோ என் மகளுக்கு வரவேண்டியதைத் தடுத்துக்கொண்டு நின்றேன். என் முறை வருவதற்குள் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகளும் பக்கத்தில் இருந்தாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியதால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

மகள்தான் முதலில் கேட்டாள். "எந்தப் பேப்பர்லப்பா ஃபெயில் ஆனீங்க?"

"ஃபெயில் ஆகலம்மா. எழுதவே இல்ல. ஃபீஸ் கட்டல."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா அந்த டிகிரிய நம்பித்தான் சரின்னாரு, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

நான்காம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டு, ஆதார், எங்கள் இருவருடைய பழைய பள்ளி டி.சி. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தாள். "லீவு சொல்லுங்க, போலாம்" என்றாள்.

விண்ணப்பம் போட்ட பிறகு விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டார். இருவரும் போனோம். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

மனைவி சொன்னாள்: "மூணாவது வருஷம் வரைக்கும் பி.காம். படிச்சாருங்க. பரீட்சை ஃபீஸ் கட்ட முடியாம நின்னுட்டாரு. நல்லாப் படிக்கிறவருதான்."

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தானா என்று இருந்தது.

சான்றிதழ் கவுன்சலிங்குக்குள் கைக்கு வந்தது. கல்விக் கட்டணம் பெருமளவு குறைந்தது. மீதிக்கு வங்கியில் சின்னதாக ஒரு கடன் போதுமானதாக இருந்தது. மகள் இப்போது கடைசி வருடம். மனைவியின் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சண்டை வந்தால் முதலில் வருவது அந்தப் பேச்சுதான். கேட்டுக்கொள்கிறேன், கேட்க வேண்டியதுதானே.

பணமில்லாமல் படிப்பை நிறுத்தியதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. அதை மறைப்பதற்காக என் மகளின் படிப்பைக் கடனில் தள்ளப் பார்த்தேனே, அதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.