பாறைக்குப் பின்னால் நின்றவள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தர்மபுரி அப்போது தனி மாவட்டம் இல்லை. சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. சித்தேரி மலைக்குக் கீழே இருந்த ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் நான் பிரசவம் பார்க்கிற நர்ஸாக இருந்தேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அவர்களுடைய பிள்ளை குட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் இண்டூர். விவசாயக் குடும்பம். விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி, விவரம் தெரிய ஆரம்பித்த வயதில் விதவையானேன். என்னை மூலையில் உட்காரவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. உறவுக்காரர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, சேலத்துக்கு அனுப்பி நர்ஸ் படிப்பு படிக்கவைத்தார். வேலை கிடைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஓர் ஓட்டு அறையில் தனியாகத் தங்கினேன்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத நேரம் அது. பஸ்ஸின் பின்பக்கம் பெரிய அடுப்பு மாதிரி ஒன்றைப் பொருத்தி, கரியை எரித்து ஓட்டுவார்கள். இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் கரிக்கு ஏகப்பட்ட கிராக்கி. மலையில் கரி சுட ஒரு கண்ட்ராக்டர் குத்தகை எடுத்திருந்தார். மரம் வெட்டுவது, கரி சுடுவது, மூட்டையைத் தலையில் சுமந்து கீழே இறக்குவது எல்லாமே மலைக்காரர்கள்தான். கூலி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வரமாட்டேன் என்று எவனாவது சொன்னால், சந்தனக்கட்டை திருடினான் என்று பிடித்துக்கொடுத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. மலையில் சாமை விதைக்கிற சமயம். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் வருஷம் முழுக்கப் பட்டினிதான். அந்த நேரம் பார்த்துக் கண்ட்ராக்டரின் ஆட்கள் மூட்டை தூக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு குடிசைக்கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆள் முன்னால் வந்து, "விதைப்பு முடியட்டும், எல்லாரும் வர்றோம்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஒரு மத்தியானம் அவரை நீளமான மூங்கிலில் போர்வைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. தூக்கி வந்தவர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "மரத்துலேருந்து வுழுந்துட்டானுங்க" என்றார்கள். நான் சட்டையை வெட்டி எடுத்தேன். முதுகு முழுக்கத் தடியால் அடித்த வரிகள். இரண்டு முழங்கால்களும் நொறுங்கிப்போயிருந்தன. மரத்திலிருந்து விழுந்தவனுக்கு முதுகில் வரி எங்கிருந்து வரும்?

வெந்நீர் வைத்துத் துடைத்தோம். துணி, பஞ்சு, மருந்து எதுவுமே போதுமானதாக இல்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஜன்னல் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த ஆளுக்கு நினைவு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யார் அடித்தது என்று நான் கேட்கவேயில்லை. அவராகவே, கண்ட்ராக்டரின் மேஸ்திரி பெயரையும், மேஸ்திரியின் மச்சான் பெயரையும் சொன்னார். "வெதைச்சிட்டு வர்றோம்னுதாம்மா சொன்னேன். வேற ஒரு வார்த்த சொல்லல" என்றார். கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். பாதி வெளியே வழிந்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ அடின்னு எம்பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்கம்மா. பச்சப்புள்ளக்காரி. பயந்துக்கும்" என்றார்.

மறுநாள் விடிகிற சமயத்தில் உயிர் போய்விட்டது.

போலீஸ்காரர் ஒருவர் வந்து, மரத்திலிருந்து விழுந்து செத்தான் என்று எழுதிக்கொண்டு போனார். டாக்டர் மறுப்பு சொல்லவில்லை. போலீஸ்காரர் போன பிறகு டாக்டர் என்னிடம், "அந்த ஆள் பேசினதை நீ கேட்டியாம்மா?" என்று கேட்டார். கேட்டேன் என்றேன். "நான் கேட்கலை. எனக்குக் கல்யாண வயசுல பொண்ணுங்க இருக்காங்க" என்றார். நல்ல மனிதர்தான். அன்று அவர் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கேரியர் திறக்காமலே திரும்பிப் போனது.

சில வாரம் கழித்து ஒரு வக்கீல் என்னைத் தேடி வந்தார். கதர்ச்சட்டை போட்ட, ஒல்லியான, இளம் வக்கீல். மலைக்காரர்கள் சார்பாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்திருந்தார். "தூக்கிட்டு வந்தவங்க ஒருத்தரும் சாட்சிக்கு வரமாட்டாங்க. வந்தா ஊரையே கொளுத்துவோம்னு மிரட்டி வெச்சிருக்காங்க. அந்த ஆளோட பொண்டாட்டி எல்லாத்தையும் கண்ணால பாத்திருக்கா. அன்னையிலிருந்து எங்கியோ ஒளிஞ்சிருக்கா. அவ வர்றதும் நிச்சயம் இல்ல. நீங்க வருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் தலைக்குள் ஏறியது அவருடைய கேள்வி அல்ல. அவள் பார்த்திருக்கிறாள் என்ற விஷயம்தான். அந்த மனிதர் அது தெரியாமலேயே செத்துப்போயிருக்கிறார்.

வருகிறேன் என்று சொன்னேன். தைரியத்தால் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எப்படித்தான் தெரிந்ததோ, அந்த வாரமே கடைவீதி வியாபாரி ஒருவர் வாழைத்தாரோடு வந்தார். கண்ட்ராக்டருக்கு வேண்டியவர். ரொம்ப மரியாதையாகப் பேசினார். "நீங்க சின்னப் பொண்ணு. தனியா இருக்கறீங்க. தாலி இல்லாத பொம்பளைய ஊரு என்ன வேணும்னாலும் பேசும்ங்க. நாங்க பேசறவங்களத் தடுக்கவும் முடியும், தடுக்காம வுடவும் முடியும். யோசன பண்ணுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாழைத்தாரைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து என் அறைக் கதவில் கரியால் அசிங்கமாக எழுத ஆரம்பித்தார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை கதவைக் கழுவுவது. பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடும் வீடுகள் குறைந்தன. சில வீடுகளில் புருஷன்மார்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

வக்கீலின் மாட்டுவண்டியில் யாரோ கடையாணியைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் கழன்று வண்டி கவிழ்ந்தது. அவருக்கு வலது கை ஒடிந்தது. வண்டிக்காரருக்கு மண்டையில் அடி. வக்கீலின் கைக்குக் கட்டுப் போட்டது நான்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "இடது கையால எழுதப் பழகணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

கடைசியாக அப்பா வந்தார். இண்டூரில் எங்கள் வைக்கோல் போருக்குத் தீ வைத்திருந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "கண்ணு, மாட்டுக்குத் தீனி இல்ல. கேட்டா ஒருத்தரும் தரமாட்டேங்கறாங்க" என்றார். நான் சோறு போட்டேன். சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "காதுல வுழலன்னு ஒரு வார்த்த சொல்லிடு சாமி. டாக்டரே அப்பிடித்தான சொல்றாரு" என்றார்.

"வுழுந்துடுச்சேப்பா" என்றேன்.

உறவுக்காரர்கள் எல்லாரும் எதிர்த்தபோது என்னைப் படிக்கவைத்தவர். அவரை வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றிவிட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது மலையில் அறுவடைக் காலம் நெருங்கிவிட்டது. கோர்ட்டு வாசலில் கண்ட்ராக்டரின் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். மலையிலிருந்து இறங்குகிற பாதை முழுக்கக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று வக்கீல் சொன்னார். மலைக்காரர் ஒருவரும் கண்ணில் படவில்லை.

முதலில் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். பார்த்ததையும் கேட்டதையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ராத்திரியில் என் அறைக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. பிரசவ வலி கண்ட வீட்டுக்காரர்கள் வருவார்கள் என்றேன். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

வேறு சாட்சி இல்லையா என்று மாஜிஸ்திரேட் கேட்டுக்கொண்டிருந்த நேரம், வெளியே ஒரே சலசலப்பு. ஒரு பெண் உள்ளே வந்தாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. சேலை முழுக்க முள் கிழித்திருந்தது, பாதம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. மலையின் அந்தப்பக்கமாக, பாதையே இல்லாத காட்டில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று தெரிந்துவிட்டது.

கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். ஓடைக்குப் போய்த் திரும்பும்போது சத்தம் கேட்டது. பாறைக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்றாள். இன்னார் பிடித்துக்கொண்டார்கள், இன்னார் அடித்தார்கள். நிதானமாகச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம், "கட்டின புருஷனை அடிக்கறப்போ எவளாவது சத்தம் போடாம வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பாளா? நீ அங்க இல்லவே இல்ல. யாரோ சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார்.

அவள் முதுகுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"கொழந்த அழுவ வாயத் தொறந்துச்சுங்க. சத்தம் கேட்டா எங்களையும் வுடமாட்டாங்க. மாரத் திணிச்சு, பாலு குடுத்துக்கிட்டே பாத்தேன். அவுங்க அடிச்சு முடிக்கற வரைக்கும் குடிச்சுதுங்க."

எத்தனையோ பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். தாய்ப்பாலைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

தீர்ப்பு சில நாட்கள் கழித்து வந்தது. போதுமான சாட்சியம் இல்லை என்று புகாரைத் தள்ளிவிட்டார்கள். சொந்தப் பெண்டாட்டியின் சாட்சியையும், நடத்தை சரியில்லாத ஒரு நர்ஸின் சாட்சியையும் நம்பி ஒன்றும் செய்வதற்கில்லையாம்.

விசாரணை நடந்த அன்று கோர்ட்டுக்குப் பின்னால், புங்கமரத்தடியில் உட்காரவைத்து, அவளுடைய பாதத்தில் இருந்த முள்ளையெல்லாம் எடுத்தேன். அவள், "அவரு ஏதாச்சும் பேசுனாராம்மா?" என்று கேட்டாள். கூண்டில் நான் பேசும்போது அவள் இல்லையே. சொல்லவா, வேண்டாமா என்று தயங்கினேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார், நீ பயந்துவிடுவாய் என்றார் என்று. அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அவருக்கு எப்பவுமே அப்பிடித்தான் நெனப்பு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கழித்துத்தான் தோள் குலுங்கியது. கோர்ட்டுக்கு வரப் பயந்த ஊர்க்காரர்கள், அவள் ஒளிந்திருந்த நாட்களில் அவளுடைய கொல்லையில் சாமையை விதைத்து, களையும் எடுத்து வைத்திருக்கிறார்களாம். அறுக்கப் போகவேண்டும் என்று, கட்டுப் போட்ட காலோடு கிளம்பிவிட்டாள்.

அந்தத் தையில் அவள் குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலைப்பக்கம் யாரோ சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. அப்பா சாகும் வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடித்தவர்களில் ஒருவன் பிற்காலத்தில் ஊரில் பெரிய மனிதனாக இருந்து, தூக்கத்திலேயே நிம்மதியாகச் செத்தான். வக்கீல் மட்டும் மலைக்காரர்களுக்காக இன்னும் பல வழக்குகள் நடத்தினார். பெரும்பாலும் தோற்றார்.

இப்போது எனக்கு எண்பதை நெருங்கும் வயது. நீங்கள் கோர்ட்டுக்குப் போனதால் யாருக்கு என்ன லாபம் என்று, இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்றுதான் சொல்கிறேன். பயம் இல்லாதவர்கள்தான் உண்மையைப் பேசுவார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அன்று அந்தக் கூண்டில் ஏறிய இரண்டு பேருமே பயந்தவர்கள்தான். அப்படிப் பயந்துகொண்டே பேசியும் அந்த உயிருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்கிற பாரம் இத்தனை வருஷத்தில் ஒரு பிடிகூடக் குறையவில்லை.