நாற்பது வீட்டுத் துணி

எர்கெஷ் பெரியப்பாவின் வீடு கிசில்-ஆர்ட் கணவாயில், இரண்டு நாட்டு எல்லை கேட்டுகளுக்கும் நடுவில் இருந்தது. சாலையில் பனி தள்ளுவது அவர் வேலை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் சைராகுலைத் தெற்கே, எங்கள் ஊர் கராகுலில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுடைய முதல் பிள்ளை தங்கவில்லை. நாற்பதாம் நாள் அதற்குப் போட, நாற்பது வீட்டுத் துணியில் சட்டை தைக்காததுதான் காரணம் என்று மனுஷன் மருகிக்கொண்டே இருந்தார். அவள் மறுபடி உண்டானதும், போகிற லாரியை எல்லாம் மறித்தார்.

"வீட்லேர்ந்து ஒரு துண்டுத் துணி கொண்டாப்பா. கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல."

பிள்ளை பிறந்த வாரமே, நோய் பரவுகிறது என்று கேட்டுகளை மூடிவிட்டார்கள். தெற்கு கேட்டில் காவல் நின்றவன் நான். யாரும் கிட்டே வரக்கூடாது, எதையும் கைமாற்றக்கூடாது என்று உத்தரவு. முப்பத்தெட்டாம் நாள் பெரியப்பா தூரத்தில் நின்று கத்திப் பார்த்தார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய நாய் தினமும் மத்தியானம் எலும்புக்கு எங்களிடம் வரும். தைத்த சட்டையை அதன் கழுத்தில் கட்டி அனுப்பிவிட்டார்.

அங்கேதான் கோட்டை விட்டார். பிறந்த பிள்ளைக்கு முதல் நாற்பது நாள் போட்டுக் கழற்றிய பழைய சட்டையில் மிட்டாய் முடிந்து நாய் கழுத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். துரத்திப் பிடிப்பவனுக்கு மிட்டாய்.

"டேய், நாய்ச் சட்டைடா!" என்று பாய்ந்தான் என் கூட்டாளி கோச்கோர்.

ஒரு பக்கம் அவன் இழுத்தான், மறுபக்கம் நான். முதுகில் பாதிவரை கிழிந்தது.

"மிட்டாயே இல்லியேடா. யாருடா இந்தக் கஞ்சன்?"

அதற்குள் என் அம்மாவின் பாவாடைத் துண்டு ஒன்று சட்டையில் என் கண்ணில் பட்டுவிட்டது. பெரியப்பாவுக்கென்று லாரியில் கொடுத்தனுப்பிய துணி அது.

பெரியப்பா உத்தரவை மறந்து ஓடிவந்தார். "அது போடவேண்டிய சட்டைடா, பாவிகளா!" என்று கேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

கோச்கோர் தன் சட்டையிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டான். அதிகாரி பார்க்காதவர்போல உள்ளே போய்விட்டார். நாற்பதாம் நாள் காலையில் கராகுலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சைராகுல் பிள்ளைக்குப் போட்டுவிட்டு ஒட்டைத் தடவினாள்.

"இது அப்பா தையல் இல்லியே?"

"நாங்கதான்க்கா தெரியாம கிழிச்சிட்டோம்."

"அழுதாரா?"

"சேச்சே. சிரிச்சாருக்கா."

"பொய் சொல்லாத தம்பி. அழலைன்னா அது எங்கப்பாவே இல்ல." பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "நல்லாப் பாத்துக்க. யார் மாதிரி இருக்கான்னு அவருக்கு நீதான் சொல்லணும்."

பார்த்தேன். மூக்கு அப்படியே பெரியப்பாவுடையது. அன்று சாயங்காலம் கேட்டில் நின்று, அவருக்குக் கேட்கும்வரை கத்தினேன். தொண்டை சரியாக நாலு நாள் ஆயிற்று.