பின் சீட்டின் கடைசிப் பல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். என் தொழில் அப்படி. காரைக்குடி செக்காலையில் இன்வெர்ட்டர், பேட்டரி, கேமரா கடை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான், கண்டனூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் பலவற்றுக்குக் கேமரா மாட்டியது நானும் என் வீட்டுக்காரரும்தான். சொந்தக்காரர்கள் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து போனில் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் பதறிப்போய் எனக்கு அடிப்பார்கள், உள்முற்றத்து வளவில் வெள்ளையாக ஒன்று நடமாடுகிறது, உடனே போய்ப் பார் என்று. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் லென்ஸ் மேல் சிலந்தி வலை கட்டியிருக்கும். ஒரு வீட்டில் பல்லி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. துணியால் துடைத்துவிட்டால் பேய் போய்விடும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்கே துடைக்க வேண்டும் என்று எனக்கும் காட்டுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் சுந்தரம். ஆள் நல்ல உயரம், கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடது முட்டி மடக்கி நீட்டும்போதெல்லாம் 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மாடிப்படி ஏறி வருகிறார் என்றால் சடக், சடக் என்று முட்டி முன்னால் வந்துவிடும், ஆள் பின்னால் வருவார். எண்ணெய் போடுங்கள் என்று கேலி செய்வேன். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் தூண்டில். கடையை அடைத்த நாளெல்லாம் கண்டனூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில்தான் கிடப்பார். அந்தக் கண்மாயின் நடுவில் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற கருவேல மரங்கள் கொஞ்சம் உண்டு. விராலெல்லாம் அந்த மர மூட்டில், வேரடியில்தான் என்று அடித்துச் சொல்வார். கரையிலிருந்து எவ்வளவு வீசினாலும் தூண்டில் அங்கே எட்டாது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே பல வருஷம் ஓட்டினார்.

கடைசியில் ஒருநாள், காலால் பெடல் போட்டு ஓட்டுகிற கயாக் ஒன்று வாங்கப் போகிறேன் என்றார். துடுப்புப் போட வேண்டாம், கை சும்மா இருக்கும், தூண்டிலைப் பிடித்துக்கொண்டே போகலாமாம். அதிலும் இரண்டு பேர் உட்காருகிறது. முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், இரண்டுக்கும் தனித்தனிப் பெடல், தனித்தனியாகத் திருப்புகிற கைப்பிடி. எதற்கு இரண்டு சீட் என்று கேட்டேன். "நீ வராம நான் மட்டும் போயி என்ன செய்யப் போறேன்" என்றார். மீன் வாடையே ஆகாத என்னிடம் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய? சரி என்றேன்.

கயாக் லாரியில் வந்து இறங்கியபோது அவர் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நெஞ்சு வலி. நான் போனில் படம் எடுத்துப் போய்க் காட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பின் சீட்டையே பார்த்தார். காலின் நீளத்துக்குத் தக்கபடி சீட்டை முன்னே பின்னே தள்ளி வைக்கிற தண்டவாளம் ஒன்று அதில் இருக்கிறது, பல் பல்லாக. "கடைசிப் பல்லு எனக்கு. முன் சீட்டு உன் குட்டைக் காலுக்கு" என்றார். எதை எங்கே பொருத்த வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தார். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

கயாக் ஆறு மாதத்துக்கு மேல் கார் நிறுத்துகிற இடத்தில் சாக்குப் போட்டுக் கிடந்தது. அதைப் பார்க்காமல் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக நடத்துகிற ஒருவர் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார், வருகிற விருந்தாளிகளைக் கண்மாயில் ஏற்றிச் சுற்றலாம் என்று. கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மொட்டையாகக் கொடுக்க மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் பொருத்தி, ஒரே ஒரு தடவை அந்தக் கருவேல மரம் வரைக்கும் போய்விட்டு வந்து, பிறகு கொடுத்துவிடுகிறேன், பொங்கல் கழியட்டும் என்று வாக்குக் கொடுத்தேன்.

பொருத்துகிற வேலைக்கு என் வீட்டுக்காரரின் சித்தி மகன், எனக்குக் கொழுந்தனார் முறை, முருகேசன் வந்தார். மரவேலைக்காரர். அவர்கள் பரம்பரையே கோயில் வாகனம் செய்கிற ஆசாரிமார். நல்ல நேரம் பார்த்து, துளை போடும் மெஷினுக்குச் சந்தனம் வைத்துத்தான் கயாக்கில் முதல் துளை போட்டார். புது வண்டிக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்போமே, இதற்குச் சக்கரம் கிடையாதே என்று யோசித்து, கயாக்கை இழுத்துப் போகிற தள்ளுவண்டியின் சக்கரத்தில் வைத்தார். எனக்குச் சிரிப்பு. இருந்தாலும் வேலை சுத்தம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் தூண்டில் செருகுகிற குழாய்கள், நங்கூரக் கயிறு ஓடுகிற உருளை, தண்ணீர் புகாத பேட்டரிப் பெட்டி எல்லாம் உட்கார்ந்துவிட்டன. வயர் வேலை முழுக்க நான்தான்.

மிச்சம் இருந்தது மீன் காட்டுகிற கருவி ஒன்றுதான். ஃபிஷ் ஃபைண்டர் என்பார்கள். அடியில் பொருத்துகிற சென்சார் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, ஆழம் எவ்வளவு, மீன் எங்கே என்று மேலே திரையில் காட்டும். படகு என்ன வேகத்தில் போகிறது என்பதையும் காட்டும். முருகேசன் இதைக் கண் என்றார். அவர்கள் வழக்கத்தில், குதிரையோ யாளியோ, எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில்தான் கண் திறப்பார்கள். திறந்ததும் எதிரே கண்ணாடியைப் பிடிப்பார்கள், அது முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். வேறு எதையாவது பார்த்துவிட்டால் அதையே தேடிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. இதற்கும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று மனுஷர், முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தார்.

என் வழக்கம் வேறு. எந்தச் சாமானையும் ஓட்டிப் பார்க்காமல் மாட்ட மாட்டேன். மாட்டின பிறகு வேலை செய்யவில்லை என்றால் யார் கழற்றுவது? முருகேசன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அந்தக் கருவியைக் கூடத்து மேஜையில் வைத்து, பேட்டரியில் வயரைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டேன். திரை வெளிச்சமானது. நல்ல சாமான்தான் என்று நிம்மதியாக நிமிர்ந்தால் வாசலில் முருகேசன். அவர் திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாலை போட்டு என் வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்கிறது.

"என்ன மதினி இப்படிச் செஞ்சுட்டீக. கண்ணைத் தொறந்து நேரா அண்ணனக் காட்டிட்டீகளே" என்றார்.

சென்சாருக்குக் காற்றில் ஒன்றும் தெரியாது தம்பி, தண்ணீரில்தான் தெரியும் என்று விளக்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

மார்கழி மழைக்குக் கண்மாய் நிறைந்து கிடந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம், வெயில் தாழ்ந்த பிறகு இறக்கினோம். முருகேசனுக்கு நீச்சல் தெரியாது, கரையில் நின்றுகொண்டார். நான் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். பின் சீட்டை முருகேசன் என் கண் முன்னாலேயே முழுக்க முன்னுக்குத் தள்ளி, பூட்டி, அதன் பின்னால் சாமான் பெட்டியைக் கட்டினார். அந்தச் சீட்டின் பூட்டு லேசுப்பட்டது இல்லை. ஒரு கையால் விசையை அழுத்திப் பிடித்து, மறு கையால் சீட்டை இழுக்க வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயம், பிறகு பழகிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பின்னால் காலிப் பெடல் சுற்றுகிற சத்தம் கேட்டது. அதில் ஒன்றும் இல்லை. படகு நகரும்போது தண்ணீர் அடியில் இருக்கிற விசிறியைத் தள்ளும், காலியான பெடலும் தானாகச் சுற்றும். எனக்கு அது தெரியும். அதனால் நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். நாரைகள் கருவேல மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. இதையெல்லாம் அவர் பார்க்க வேண்டியதுதானே, நான் எதற்கு இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கால் ஓடவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

படகு நிற்கவில்லை. உடனே நிற்காவிட்டாலும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும் என்று பார்த்தேன். திரையில் வேகம் காட்டுகிற எண் குறையவே இல்லை. காற்று எனக்கு எதிரேதான் அடித்துக்கொண்டிருந்தது, முந்தானை பின்னுக்குப் பறந்தது. கைப்பிடியை நான் தொடவில்லை, படகின் மூக்கு மெல்லத் திரும்பிக் கருவேல மரங்களைப் பார்த்தது. அப்போதுதான் கேட்டது. பின்னால் பெடல் சத்தத்தோடு சேர்ந்து, சடக். ஒரு சுற்று. சடக். இன்னொரு சுற்று. சடக்.

இருபத்திரண்டு வருஷம் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா. மாடிப்படியில் அதைக் கேட்டுத்தானே சோற்றைத் தட்டில் போடுவேன்.

பயந்தாயா என்று கேட்பீர்கள். பயம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அழுகைதான் வந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அங்கே காலிச் சீட்டுத்தான் இருக்கும் என்று என் புத்திக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று மனசு சொன்னது. நான் காலை மடக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்படித்தான் சொல்வேன், வேறு எப்படிச் சொல்ல? மர மூட்டுக்கு வந்ததும் பெடல் நின்றது, திரையில் எண் சைபருக்கு வந்தது.

"வந்துட்டீகளா?" என்று கேட்டேன்.

 சாப்பிட்டு முடித்துக் காலை நீட்டும்போது கேட்குமே, அது மாதிரி ஒரே ஒரு சடக். அவ்வளவுதான். இருட்டத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தேன். கடை வியாபாரம், முருகேசன் வைத்த எலுமிச்சம்பழம், ஆறு மாதமாகச் சொல்ல ஆள் இல்லாமல் கிடந்த பேச்சு எல்லாவற்றையும் தண்ணீரைப் பார்த்தே சொன்னேன். முருகேசன் கரையிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் நானே மிதித்துத் திரும்பினேன். வரும்போது பின்னால் காலிப் பெடல் சுற்றியதோடு சரி, சடக் கேட்கவில்லை.

கரையில் படகின் மூக்கைப் பிடித்து இழுத்த முருகேசன் அப்படியே நின்றுவிட்டார். "மதினி, பின் சீட்ட யாரு தள்ளுனது?" என்றார். சாமான் பெட்டி கயிறோடு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. சீட் கடைசிப் பல்லில் பூட்டி இருந்தது. சரியாகப் பூட்டவில்லை போல என்று அவரே சொல்லிப் பார்த்தார், பிறகு அவரே விசையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கயாக்கைத் தொடுவதில்லை. கரைக்கு மட்டும் துணைக்கு வருவார்.

ஹோட்டல்காரருக்கு வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு வேலை பாக்கி இருந்துகொண்டே இருந்தது. வாரம் ஒருமுறை சாயங்காலம் போவேன். போகும்போது பின் சீட்டை நானே முன்னுக்குத் தள்ளிப் பூட்டுவேன், திரும்பி வந்து பார்த்தால் கடைசிப் பல்லில் இருக்கும். ஒருநாள்கூடத் தவறியதில்லை. பெடல் போடும் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன், எதிலும் சடக் என்று சத்தம் வரவில்லை. எனக்குத் தெரிந்த துணி எல்லாவற்றாலும் துடைத்துப் பார்த்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஹோட்டல்காரர் நேரில் வந்தார். கண்மாயில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது, இனி நீங்கள் இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி. பேச்சுக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் போனேன். மரம் வரைக்கும் முழுக்க நானேதான் மிதித்தேன். கரைக்கு வந்து பார்த்தால், பின் சீட் நான் தள்ளி வைத்த இடத்திலேயே முன்னால் இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், சண்டை போட மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அன்று ராத்திரியே ஹோட்டல்காரருக்குப் போன் போட்டு, கொடுப்பதாக இல்லை, இனிக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் படத்துக்கு எதிரே நின்றுதான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

நாளைக்குப் போக வேண்டும். தண்ணீர் மர மூட்டில் இன்னும் இடுப்பளவு இருக்கிறது. பின் சீட்டை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நானே கடைசிப் பல்லுக்குத் தள்ளி வைத்துவிட்டால் அவர் வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். முன்னாலேயே வைத்துவிட்டு, திரும்பி வரும்போது அது முன்னாலேயே இருந்தால்?