மாலை போட்டிருந்தவர்

எங்கள் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வாசகர்கள் போடும் கமெண்டுகளுக்கு அந்தந்த ஊர் நிருபரே பதில் எழுத வேண்டும் என்று சேலம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தபோது நான் சிரித்துவிட்டேன். திருச்செங்கோட்டில் தாலுகா நிருபராகப் பல வருடங்கள் குப்பை கொட்டியவன் நான். வாசகரை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே, "இவிங்களுக்கு வேற பொழப்பே இல்லீங்க" என்று சொல்கிறவர்தான் வாசகர். அவருக்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவேன். அதே ஆள் அதையே போனில் எழுதினால் மட்டும், "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று நான் எழுத வேண்டுமாம்.

எழுதினேன். உத்தரவு என்றால் உத்தரவு. முதல் மாதத்திலேயே ஆட்களை வகை பிரித்துவிட்டேன். எந்தச் செய்தியானாலும் கும்பிடுகிற கை படம் மட்டும் போடுகிறவர்கள் ஒரு வகை. பள்ளி ஆண்டு விழாச் செய்தியின் கீழே எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்கள் ஒரு வகை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு என் பிறப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் இன்னொரு வகை. எல்லாருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தால் விரல் தேய்ந்துவிடும் என்பதால் நாலைந்து பதில்களைப் போனில் எழுதி வைத்துக்கொண்டேன். நன்றிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, வசவுக்கு ஒன்று. ஒற்றி எடுத்து ஒட்டுவதுதான் வேலை. பஸ்ஸில் போகும்போதும் ஒட்டுவேன், தாசில்தார் அலுவலக வராந்தாவில் காத்திருக்கும்போதும் ஒட்டுவேன். படித்துவிட்டு ஒட்டியது கொஞ்சம். படிக்காமல் ஒட்டியதுதான் அதிகம்.

ஒரு நாள் காலையில் ஒரு சாவுச் செய்தி வந்தது. வடக்கே ஒரு மாநிலத்தில் போர்வெல் போடப் போயிருந்த ரிக் லாரியின் டிரைவர், வண்டிக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது மேலே போன மின்கம்பியில் உரசி, அந்த இடத்திலேயே போய்விட்டார். சொந்த ஊர் எடப்பாடிப் பக்கம். வண்டி எங்கள் ஊர் வண்டி. எனக்குத் தெரிந்த ரிக் ஏஜெண்ட் ஒருவர் ஒரு போட்டோ அனுப்பினார். போன ஆயுத பூஜையன்று, வண்டி வடக்கே புறப்படும் முன்னால் எடுத்தது. சந்தனம் குங்குமம் வைத்த லாரிக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் கழுத்தில் மட்டும் சம்பங்கி மாலை.

டிரைவர் யார் என்று நான் ஏஜெண்டைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை. பூஜை போட்டால் வண்டிக்கு ஒரு மாலை, அதை ஓட்டுகிறவருக்கு ஒரு மாலை என்பது இங்கே பிறந்த யாருக்கும் தெரியும். வெளியூர் நிருபர் யாராவது இருந்திருந்தால் ஒரு போன் போட்டு, "இதில் யாருங்க டிரைவர்?" என்று கேட்டிருப்பான், தப்பித்திருப்பான். நான் உள்ளூர்க்காரன். மாலை போட்டவரை மட்டும் வெட்டி எடுத்து, செய்தியோடு பக்கத்தில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வருவதற்குள் கமெண்டுகள் குவிந்திருந்தன. ஆழ்ந்த இரங்கல், கண்ணீர் அஞ்சலி, கும்பிடுகிற கைகள். மாலையோடு ஒரு முகம் படத்தில் இருந்தால் நம் ஜனங்களுக்கு வேறெதுவும் படிக்க வேண்டியதில்லை. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. "சார் இந்த போட்டோல இருக்கறது நானுங்க. நான் உசுரோட இருக்கறனுங்க." அதற்கும் ஒருவர் கீழே இரங்கல் தெரிவித்திருந்தார்.

அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். துளை போடும் ஆபரேட்டர். அந்த வண்டியை விட்டு இறங்கி நாலு மாதமாகிறது, இப்போது வேறு வண்டியில், வேறு மாநிலத்தில் இருந்தார். திட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. "அண்ணன் செத்தது நெசங்களா?" என்று கேட்டார். என் செய்தியைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. "அந்த மாலை அண்ணனுக்குப் போட்டதுதானுங்க. நான் அன்னிக்குத்தான் மொத தடவை வடக்க கெளம்பறேன். 'நீ போட்டுக்க சாமி, எனக்கென்ன வருசா வருசம் போடறதுதானே'ன்னு அவருதான் கழட்டி எங் கழுத்துல போட்டாரு" என்றார். அத்தோடு போனை வைத்துவிட்டார்.

நான் சேலத்துக்குப் போன் போட்டேன். இணையப் பக்கத்தைக் கவனிக்கிற பெண், என் மகள் வயதிருக்கும், பொறுமையாகவே பேசினாள். செய்தி நன்றாக ஓடிக்கொண்டிருப்பதால் எடுக்க முடியாது, படத்தை மாற்ற மேலே அனுமதி கேட்க வேண்டும், அதுவரை கமெண்டில் திருத்தம் போட்டுக்கொண்டே இருங்கள் சார் என்றாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கச் சொன்னாள். நானும் பிடித்தேன். "படத்தில் இருப்பவர் உயிருடன் நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்" என்று எழுத நினைத்தேன். நீளமாக இருந்தால் படிக்க மாட்டார்கள் என்று என் தொழில்புத்தி சொன்னது. சுருக்கினேன். "அவர் உயிருடன் நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்." இதைத்தான் ஒற்றி எடுத்தேன்.

மேலிருந்து கீழாக ஒவ்வொரு கமெண்டின் அடியிலும் ஒட்டிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. கமெண்ட் விழ விழ அந்தச் செய்தி பக்கத்தின் உச்சிக்கு ஏறுகிறது. என் பதிலும் கமெண்ட் கணக்குத்தான். நான் திருத்தத் திருத்த இன்னும் பத்துப் பேர் புதிதாகப் பார்த்து இன்னும் பத்து இரங்கல் எழுதினார்கள். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஒட்டினேன். மதியம் வரைக்கும் அதுதான் நடந்தது. எனக்குக் கை வலித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. அன்று நன்றாகவே சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

சாப்பிட்டு வந்து பார்த்தபோதுதான் அதைப் படித்தேன். ஒரு பெண் எழுதியிருந்தார். கணக்கில் தன் படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூ வைத்திருந்தார். "போட்டோல இருக்கறது எங்கூட்டுக்காரரு இல்லீங்க சார். அவரு போட்டோ வேணும்னா நான் அனுப்பறனுங்க." அதன் கீழே என் பத்திரிகையின் சின்னத்தோடு என் பதில். "அவர் உயிருடன் நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்."

அதற்கும் கீழே அவர் மறுபடியும் எழுதியிருந்தார். "நெசமாத்தானுங்களா சார்? எங்களுக்கு போன்லதான் சொன்னாங்க. மொகத்த இன்னும் பாக்கலீங்க."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் வாசகர்கள் அவருக்குப் பதில் எழுதியிருந்தார்கள். "ஆமா அக்கா, உயிரோட இருக்காரு, மேல அவரே கமெண்ட் போட்டிருக்காரு பாருங்க." "கவலைப்படாதீங்க சிஸ்டர்." "செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டிங்க." இதயம் இதயமாக அடுக்கியிருந்தார்கள். என்னையும் என் பேப்பரையும் திட்டுவதற்கென்றே வருகிறவர் ஒருவர் உண்டு. அவர்கூட அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். அத்தனை பேரும் நல்ல மனதோடுதான் எழுதினார்கள். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"இல்லை, அவர் இறந்தது உண்மைதான்" என்று தட்டினேன். அழித்தேன். வேறு மாதிரி தட்டினேன், அதையும் அழித்தேன். ஊர் பார்க்க, இதயங்களுக்கு நடுவில், ஒரு பொம்பளையிடம் உன் புருஷன் செத்துத்தான் போனார் என்று எப்படி எழுதுவது? நேரில் போவதுதான் மரியாதை என்று முடிவு செய்து பைக்கை எடுத்தேன். சங்ககிரி வழியாக எடப்பாடி போய், அங்கிருந்து கிராமத்தைக் கேட்டுப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மரியாதை என்று அன்று நினைத்தேன். அந்த ஒரு மணி நேரமும் அவர் நம்பிக்கொண்டிருந்தார் என்பது வழியில் எனக்கு உறைக்கவே இல்லை.

விசைத்தறிக்காரர்கள் தெரு அது. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் தெருவே தறியை நிறுத்திவிடும். நான் போனபோது எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தடக் தடக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிவிடலாமா என்று இருந்தது. வாசலில் இறக்கிய பந்தல் கால்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். பந்தல்காரரைப் போகச் சொல்லிவிட்டார்களாம்.

நான் யாரென்று சொன்னதும் அந்த அம்மா போனைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். அழுது வீங்கிய முகம். அதில் சிரிப்பு. "பேப்பர்காரருங்களா! வாங்க சாமி, உள்ள வாங்க. நீங்க எழுதலீன்னா நாங்க அழுதுக்கிட்டே கெடந்திருப்பமுங்க. கொழுந்தனாரு பாக்கறக்கு வடக்க போயிருக்கறாரு, அவரு போனு எடுக்க மாட்டேங்குது. ஓனரும் எடுக்கலீங்க. இருங்க, காப்பி வெச்சிருக்கறேன்." உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தாளித்த வாசனை வந்தது. இழவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். நேற்று மாலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சொன்னார், சந்தோஷமாக.

காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. "அக்கா, நான் எழுதுனது போட்டோவுல இருக்கறவரைப் பத்திங்க. அவரு வேற ஆளு. அவருதான் நல்லா இருக்கறாரு" என்றேன்.

"அப்ப எங்கூட்டுக்காரரு?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனைத் திறந்து, அந்தக் கமெண்டைத் தேடி எடுத்து, என் முன்னால் நீட்டினார். சண்டைக்கு நீட்டியது போல இல்லை. நான் கவனிக்காமல் விட்ட எதையோ எனக்குக் காட்டுவது போல இருந்தது. "எனக்குத்தானுங்களே எழுதியிருந்தீங்க? எம் பேருக்குக் கீழதானுங்களே வந்துச்சு?"

படிக்காமல் ஒட்டினேன் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. "தப்பு நடந்துபோச்சுங்க" என்றேன். கோழை என்றால் நான்தான். அவர் உள்ளே போனார். அடுப்பை அணைக்கிற டக் என்ற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா தெருவுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்து அடுத்த வீட்டுத் தறி. கடைசித் தறி நிற்கிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். யாராவது வந்து என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரும் வரவில்லை. இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கம் எனக்குத் தோதாகப் போயிற்று.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. அச்சுப் பேப்பரில் சரியான படத்தோடு உள்பக்கத்தில் சிறிதாக ஒரு செய்தி வந்தது. அந்தப் படத்தை எனக்குக் கொழுந்தனார்தான் அனுப்பினார். இணையப் பக்கத்தில் மூன்றாம் நாள் படத்தை மாற்றினார்கள். கமெண்டுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். மாறிய படத்தின் கீழே, "இது யாரு? முன்னாடி வேற ஒருத்தர் இருந்தாரே" என்று ஒருவர் கேட்டிருந்தார். "முதல்ல போட்ட ஆளே நல்லாருந்தாரு" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சொந்த மாலையைக் கழற்றி அடுத்தவருக்குப் போட்டவருக்கு அவர் படத்தின் கீழே ஒரு இரங்கல்கூட வரவில்லை. எல்லாமே உயிரோடிருப்பவர் கணக்கில் ஏற்கெனவே போய்விட்டன.

எழுதி வைத்திருந்த பதில்களையெல்லாம் அழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொன்றையும் படித்துத்தான் பதில் போடுகிறேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. கும்பிடுகிற கைகள் வருகின்றன, தண்ணீர் வருவதில்லை, என்னைத் திட்டுகிறவர் திட்டுகிறார்.

அந்த அம்மாவின் கேள்வி இன்னும் அங்கேயே இருக்கிறது. "நெசமாத்தானுங்களா சார்?" கீழே இதயங்கள் இருக்கின்றன, ஆயுசு கெட்டி இருக்கிறது. கேட்கப்பட்ட ஆள் மட்டும் பதில் எழுதவில்லை. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வரிதான். ஆனால் அதை எழுதினால் அந்தச் செய்தி மறுபடியும் உச்சிக்கு ஏறும், மறுபடியும் எல்லாரும் பார்ப்பார்கள், செம்பருத்திப் பூ வைத்த அந்தப் போனிலும் மணி அடிக்கும். என் பத்திரிகையிடமிருந்து உங்களுக்குப் பதில் வந்திருக்கிறது என்று காட்டும்.