பூங்கொடி ஒப்புக்கொள்ளாத பனி

புதுச்சத்திரத்திலிருந்து பூங்கொடியின் தம்பி கூப்பிட்டபோது நான் அயோத்தியாப்பட்டணத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அக்கா காலையில தவறிட்டாங்கண்ணா" என்றார். ஒரு வருடமாக நோயோடு இருந்தவர்தான். ஆனாலும் வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நங்கூரக் கம்பிகளால் பிணைத்த, எண்ணெய் எடுக்கும் மேடை கடலில் மிதக்கும். குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் நகர்ந்து வந்து அதை நெருக்கும். கம்பிகள் தாங்குமா என்று அறிய, ஒரு குளிர்தேசத்து ஆய்வுக்கூடத்தின் நீளமான தொட்டியில் பனியை உறையவைத்து, மேடையின் சிறிய மாதிரியை அதில் வைத்துப் பார்ப்போம். மாதிரி சிறியது என்பதால் பனியின் வலுவும் அதற்கேற்பக் குறைய வேண்டும். உறைந்த பனியை அளவாகச் சூடேற்றி அந்தப் பதத்துக்குக் கொண்டுவருவது பூங்கொடியின் பொறுப்பு.

ஒருமுறை சோதனை அருமையாக முடிந்தது. கம்பிகளின் இழுவிசை வரம்புக்குள் இருந்தது. மேடை கட்டுகிற நிறுவனத்தார் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி மட்டும் தொட்டியின் மறுகோடியில் குனிந்து, பனியைக் கீற்றாக அறுத்து முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார். "ஏனுங்க, பனி ரொம்ப எளகிப்போச்சுங்க. சூடு கூட வெச்சது நான்தான்."

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த சோதனையில் சரிசெய்துகொள்ளலாமே என்று நானே சொன்னேன். "அந்த மேடையில ஆளுங்க இருப்பாங்க" என்றவர், நேராகப் போய் எல்லோர் முன்பும் தன் தவற்றைச் சொன்னார். இந்த முடிவு செல்லாது என்றார்.

புதுப் பனி தயாராகும்வரை அவரிடம் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். மறுசோதனையில் மாதிரியின் முன்னால் பனி குவிந்து, ஒரு கம்பியின் இழுவிசை வரம்பைத் தாண்டியது. நிறுவனத்தார் வடிவத்தை மாற்றினார்கள், கம்பிகளைக் கூட்டினார்கள். அவர்களின் தலைமைப் பொறியாளர் பூங்கொடியின் மேசைக்கே வந்து நன்றி சொன்னார்.

சில வருடங்கள் கழித்து இருவரும் ஊருக்கு வந்திருந்தோம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டி அவரைப் படிக்கவைத்த அப்பா கேட்டார்: "நீ பாத்துக்குடுத்த மேடை நின்னுச்சா சாமி?"

"ஒரு குளிர்காலம் தாண்டிருச்சுங்கப்பா."

அன்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அப்பா அதைச் சொன்னார்.

இப்போதெல்லாம் என் கணக்கு பிழைத்தால், பிறர் கண்டுபிடிக்கும்முன் எழுந்து சொல்லிவிடுகிறேன். எனக்குக் குரல் நடுங்குகிறது, அவருக்கு நடுங்கியதில்லை. அவருடைய துணிவில் என்னால் எடுத்துக்கொள்ள முடிந்தது அவ்வளவுதான். அதை வைத்திருக்கிறேன்.