ஏ ஷிப்ட் கோட்டை, பி ஷிப்ட் தோட்டம்

பிரான்ஸில் எங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைதான் என்று தெரிந்த அன்றே, நானும் அக்காவும் அதை எப்படிச் செலவழிப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டோம். அப்போது எங்கள் இருவரிடமும் பாஸ்போர்ட் கூடக் கிடையாது.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் இருவரும் ஒரே லைனில் ஆபரேட்டர்கள். நான் திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறுவேன். அவள் பொன்னேரிக்காரி. தச்சூர் கூட்டுரோட்டில் ஏறி, நான் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் வந்து உட்காருவாள். என்னைவிட நன்றாகவே மூத்தவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரான்ஸிலிருந்து புது மெஷின் ஒன்று வரப்போகிறது, அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வர இரண்டு பேரை அனுப்புகிறோம் என்று கம்பெனி சொன்னபோது எங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். லைனில் இருந்த ஆண்கள் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மெஷின் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஊரின் பெயர் தூர். "பேரே தூரமாத்தான் கீது," என்றாள் அக்கா. அந்த ஊரைச் சுற்றி அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டிய கோட்டைகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றித் தோட்டம் இருக்கிறது என்று போனில் தேடிச் சொன்னது நான். லைனுக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். அதனால் கூட்டுரோட்டிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் பஸ்ஸில் போகிற நேரம்தான் எங்களுக்குத் திட்டம் போடக் கிடைத்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அந்த வாரங்களில் நான் பஸ்ஸில் தூங்காமல் வந்தேன்.

முதல் கோட்டை ஷெனோன்சோ. அக்காவுக்கு அது வாயில் நுழையவில்லை. "சோறுன்னு முடியுதுல்ல, அது போதும்," என்று விட்டுவிட்டாள். அந்தக் கோட்டை ஓர் ஆற்றின் மேலேயே, பாலம் மாதிரி கட்டப்பட்டது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆத்து மேல ஊடு கட்டிக்கீறாங்க. தண்ணி ஏறுனா இன்னா பண்ணுவாங்க? ஆரணி ஆத்துல வெள்ளம் வந்தா எங்க தெரு மொத்தமும் ஸ்கூல்ல போய்ப் படுத்துக்கும்."

அந்தக் கோட்டைக்கு ஒரு கதை உண்டு. ராஜா அதைத் தன் ஆசைநாயகிக்குக் கொடுத்திருந்தான். அவள் ஒரு பக்கம் தோட்டம் போட்டாள். ராஜா செத்ததும் ராணி வந்து அவளை வெளியே அனுப்பிவிட்டு, இன்னொரு பக்கம் தன் பெயரில் ஒரு தோட்டம் போட்டாள். இரண்டு தோட்டமும் இன்றைக்கும் இருக்கிறது. இதை நான் படித்துக் காட்டியபோது அக்கா தொடையில் தட்டி, "நல்லா பண்ணா," என்றாள். கதை கேட்கிற சுவாரசியம் என்றுதான் நினைத்தேன். அவள் வீட்டுக் கதை அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது வில்லாந்திரி. அது அக்காவே தேர்ந்தெடுத்தது. அங்கே கோட்டைக்கு முன்னால் இருப்பது பூந்தோட்டம் இல்லை, காய்கறித் தோட்டம். முட்டைக்கோஸ், பூசணி, கீரை எல்லாம் நிறம் பார்த்து, கட்டம் கட்டமாக, கோலத்துக்குக் கலர் போட்ட மாதிரி நட்டு வைத்திருக்கிறார்கள்.

"முட்டகோச பாக்கறதுக்கு டிக்கெட்டா?" என்று முதலில் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இத்த யாரு சாப்புடுவாங்க?"

"தெரியலக்கா. பாக்கறதுக்குத்தான்னு போட்டிருக்கு."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அம்மாவோடு நாற்று நடவும் களையெடுக்கவும் போனதைச் சொன்னாள். பொன்னேரியைச் சுற்றியிருக்கிற வயலில் அவள் கால் படாத வரப்பு இல்லையாம். "எந்தப் பச்சைய பாத்தாலும் எனக்கு இடுப்பு வலிக்கும். ஒரு தபா, ஒரே ஒரு தபா, குனியாம ஒரு தோட்டத்த சுத்திப் பாக்கணும். கைய பின்னால கட்டிக்கினு, ஓனர் மாதிரி." அவள் எதையும் இப்படி ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடையது இல்லை, அவளுடையது என்று ஆகிவிட்டது.

எங்களுக்கு நாள் என்றால் ஷிப்டுதான். அதனால் திட்டமும் அப்படியே ஆனது: காலை ஏ ஷிப்டில் கோட்டை, மத்தியானம் பி ஷிப்டில் தோட்டம். தூர் ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்து காலையில் ஒரு வேன் கிளம்பி இரண்டையும் காட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறது என்று கண்டுபிடித்தேன். சாப்பாடு புளிசோறு. தயிர்சோறுதான் வேண்டும் என்றேன், குளிரில் தயிர்சோறு தின்று காய்ச்சலில் படுத்தால் மெஷினை யார் கற்றுக்கொள்வது என்று அதட்டினாள். கட்டுவது புடவைதான் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். காலுக்கு? அவளிடம் மூடின செருப்பு என்று இருந்தது கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ மட்டும்தான், முன்னால் இரும்பு வைத்தது. பட்டுப்புடவைக்கு இரும்பு ஷூ போட்டுக்கொண்டு ராணி தோட்டத்தில் நடந்தால் அடுத்து அவளைப் பார்க்கத்தான் டிக்கெட் போடுவார்கள் என்றேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.

என் பாஸ்போர்ட் சீக்கிரம் வந்துவிட்டது. இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்றார்கள், சர்நேம் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அவ்வளவுதான். அக்காவுக்கு அந்தக் கட்டத்திலேயே வண்டி நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் அவள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதார், ஓட்டு அட்டை, கம்பெனி கார்டு எல்லாவற்றிலும் வேறோர் எழுத்து.

"ரெண்டாவது எழுத்து வீட்டுக்காரரோடதாக்கா?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவோடது," என்றாள்.

அவள் அப்பா சூளூர்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவில்லை. அக்கா பத்தாவது முடித்த வருடம் அது. "நைனா நைனான்னு நான்தான் பின்னாலயே சுத்துவேன். போய்க்கினே இருந்தாரு, திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்கப்புறம் எங்க கையெழுத்து போட்டாலும் அம்மா எழுத்துதான். கல்யாணத்துக்கு அப்புறம்கூட மாத்தல." பஸ் சத்தத்தில் அவள் குரல் மாறவே இல்லை. டிபன் என்ன என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

எச்.ஆர். சார் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல், கெட்டவராக இருந்தால் திட்டியாவது இருக்கலாம். அவர் பொறுமையாக இரண்டு வழி சொன்னார். ஆதாரில் அப்பா எழுத்துக்கே திரும்ப மாற்றிக்கொண்டால் எல்லாம் ஒத்துப்போகும், பாஸ்போர்ட் சீக்கிரம் கைக்கு வரும். அம்மா எழுத்துதான் வேண்டும் என்றால் அரசாங்க கெஜட்டில் பெயர் மாற்றம் என்று போட்டு, அது வந்தபிறகு மற்றதெல்லாம். மாதக்கணக்காகும். மெஷின் கம்பெனிக்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான். முதல் வழியில் போனால் சர்நேம் கட்டத்தில் அந்த ஆளின் முழுப் பெயரும் வரும் என்பதையும் அவரே சொன்னார்.

ஒரு எழுத்துதானே என்றார் அக்காவின் வீட்டுக்காரர். பஸ்ஸில் எல்லோரும் அதையே சொன்னார்கள். என் மனசும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவே சொன்னாளாம்: "போட்டுக்கோ, போய்ட்டு வா. எனக்கு இன்னா குறைஞ்சிடப் போவுது?"

அடுத்த நாள் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்த ஆளு பேர தூக்கிக்கினு நான் எந்த ராணி தோட்டத்துக்கும் வரல. நான் கெஜட்டுக்கே குடுத்துட்டேன். நீ போய்ட்டு வா."

அவள் இடத்தில் சூப்பர்வைசர் ஒருவர் என்னோடு பிரான்ஸுக்கு வந்தார். நல்ல மனுஷன், ஆனால் எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்க வேண்டும் என்றார். நான் தனியாக வேன் ஏறினேன்.

அங்கே போய்த்தான் ஒன்று புரிந்தது. அந்த ஊரில் சர்நேமைத்தான் கூப்பிடுகிறார்கள். மெஷின் சொல்லிக்கொடுத்தவர்கள் தினமும் என்னை 'மதாம்', அதாவது நம் ஊர் மேடம், என்று ஆரம்பித்து என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திருவள்ளூர் தேரடியில் தையல் மெஷின் மிதிக்கிற என் அப்பா பிரான்ஸில் மதாம் ஆகிவிட்டார் என்று வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிச் சிரித்தேன். வேன் டிரைவரும் கோட்டை வாசலில் நின்று, ஆளெல்லாம் வந்தாயிற்றா என்று பார்க்க ஒவ்வொரு பெயராகச் சத்தமாகக் கூப்பிட்டார். மதாம் என்று என் அப்பாவைக் கூப்பிட்டார். நான் கையைத் தூக்கிக்கொண்டே நின்றுவிட்டேன், சிரிப்பு வரவில்லை. அக்கா வந்திருந்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஆளின் பெயருக்குத்தான் கை தூக்கியிருப்பாள். ஓர் எழுத்து என்று நாங்கள் எல்லோரும் சொன்னது அவ்வளவு பெரியது என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ.

கோட்டை அழகாகத்தான் இருந்தது. ஆறு அதன் அடியில் சத்தம் இல்லாமல் போனது. மத்தியானத்துக்கு மேல் காய்கறித் தோட்டத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். எனக்குக் குனிந்து பழக்கமே இல்லாததால் குனியாமல் நடப்பதில் ஒரு பெருமையும் தெரியவில்லை. வேறொருத்தி புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது. முட்டைக்கோஸ்கள் நீலமும் ஊதாவுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. வீடியோ எடுத்தேன். அதை அவளுக்கு அனுப்ப மனசு வரவில்லை. திரும்பி வந்த பிறகு அவளாகக் கேட்டதும் இல்லை. "மெஷின் எப்பிடி கீது, பேஜாரு பண்ணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மெஷின் வந்தது, இறக்கினோம், ஓடுகிறது. அக்காவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போது என்னைவிட அவள் நன்றாக ஓட்டுகிறாள். இனிமேல் யாரையும் அங்கே அனுப்பத் தேவையில்லை.

போன மாதம் ஒரு நாள் கூட்டுரோட்டில் ஏறியவள், டிபன் பையிலிருந்து துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். பாஸ்போர்ட். சர்நேம் இருக்க வேண்டிய வரியில் அவள் அம்மாவின் பெயர், முழுசாக, பெரிய எழுத்தில். மீதிப் பக்கமெல்லாம் காலி. நான் புரட்டிக்கொண்டே இருந்தேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அந்த ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதைச் சொன்னேன்.

"என்ன எப்பிடி கூப்புடுவாங்க? கூப்புடு பாக்கலாம்."

கடைசி எழுத்தை இழுத்து, அந்த டிரைவர் மாதிரியே கூப்பிட்டேன். "மதாம்..." என்று அவள் அம்மாவின் பெயர். பொன்னேரி வயல்களில் நாற்று நட விடிகாலையில் ஆள் சேர்க்கிறவர்கள் கூப்பிட்ட பெயர்.

அக்கா சிரிக்கவில்லை. "இன்னொரு தபா கூப்புடு," என்றாள்.

கூப்பிட்டேன். சேஃப்டி ஷூவும் யூனிபார்மும் போட்டு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.