யோசெப் ஏற்றும் பாரம்

முல்லைத்தீவுச் சந்தையடியில் எந்த வாகனம் வந்து நின்றாலும் யோசெப் அதன் பின்பக்கம் போய், இரண்டு கையையும் ஊன்றி ஒருதரம் அமுக்கிவிட்டுக் கையை எடுப்பார். வாகனம் எழும்பி இறங்கும் ஆட்டத்தை எண்ணுவார். "ஒண்டு... ஒண்டரை... நிண்டிட்டுது. நல்ல சாமான்" என்பார், பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும். ஒருநாள் தொண்டு நிறுவன ஜீப் ஒன்றை அமுக்கியபோது உள்ளே சாரதி நித்திரை. அவன் தலையை வெளியே நீட்டி, "என்ன ஐயா, தாலாட்டுறியளோ?" என்றான். யோசெப்புக்கு வெட்கம் வரவில்லை. "உதுக்குப் பின்னுக்கு எத்தினை ஸ்பிரிங் பிளேட் தம்பி?" என்று கேட்டார்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம், தோணியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஒரு பழைய பிக்கப் வாங்கியவர். கிழமைநாட்களில் அது மீன் வண்டி. விடியவே ஐஸ் பெட்டிகளோடு புளியங்குளம் போகும். ஞாயிற்றுக்கிழமை தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவினால் குடும்ப வாகனம். அப்படியும் தேவாலயத்தில் பூசை முடியும்வரை மீன் மணம் எல்லோருக்கும் நடுவில் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி தாண்டிப் புளியங்குளம்வரை கிடப்பதைத் தெரு என்று சொல்வது பழக்கதோசம். குழிகளுக்கு நடுவே அங்கங்கே தார். முதல் மாரியிலேயே பிக்கப்பின் பின்பக்கம் படுத்துவிட்டது. என்ன ஸ்பிரிங் போடுவது என்று யோசெப் மூன்று மாதம் யோசித்தார். மகன் வின்சன், கட்டை வைத்து வண்டியை உயர்த்தச் சொன்னான், உயரம்தான் வடிவாம். வவுனியாக் கடைக்காரர் மெத்தென்ற ஜப்பான் ஸ்பிரிங் காட்டினார். கடைசியில் மனைவி அருளம்மாதான் முடிவு சொன்னார். "மீன்தானே எங்களுக்குச் சோறு போடுது. மீனுக்குத் தோதாப் போடுங்கோ." தண்ணீரூற்றில் கராஜ் வைத்திருந்த றிஷாட், லொறியில் கழற்றிய ஸ்பிரிங் தகடுகளை வெட்டி, பக்கத்துக்கு மூன்று பிளேட் கூட்டி இறுக்கினான். பத்துப் பெட்டி ஏற்றியும் வண்டி குனியவில்லை. யோசெப் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

அருளம்மாவுக்கு இடுப்புக்கு மேலே நாரியில் பிழை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ட்ரக்டர் பெட்டியிலிருந்து விழுந்தது. மாதத்தில் இரண்டு புதன்கிழமைகளில் புளியங்குளத்துக்கு ஒரு டொக்டர் அம்மா வந்து நாரிக்குப் பயிற்சி கொடுத்தார். மீன் வண்டியிலேயே இரண்டு மாதம் போய்வந்ததில் அருளம்மா ஊன்றும் பொல்லு இல்லாமல் கிணற்றடிவரை நடந்தார். பிளேட் கூட்டிய பிறகு மூன்று புதன். மூன்றாவது புதன் வீட்டு வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "அவா பூட்டிவிடுறா, உங்கடை வண்டி கழட்டிவிடுது. இனி நான் வரேல்லை."

யோசெப் நேரே றிஷாட்டிடம் போனார். "போகேக்கை நித்திரை கொண்டுதானே வாறா. வரேக்கை மட்டும் ஏன் இப்பிடி? ரெண்டு நேரமும் நான்தானே ஓடுறன்?"

"அண்ணை, நீங்கள் ஓடுறதிலை ஒண்டும் இல்லை. போகேக்கை மீன் கிடந்து அமத்துது. வரேக்கை வெறும் பெட்டி. அந்த பிளேட்டுக்குப் பாரம் இல்லாட்டி அது ஸ்பிரிங் இல்லை, பலகை."

"கழட்டுவமோ?"

"கழட்டினா மீன் பெட்டி தெருவிலை இழுபடும். ரெண்டும் வேணுமெண்டா ரெண்டு வாகனம் வாங்குங்கோ."

இன்னும் ஒருக்கால் மட்டும் வா என்று கெஞ்சி அருளம்மாவைக் கூட்டிப்போனார். திரும்பும்போது புளியங்குளச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற எல்லோரையும் ஏற்றினார். அன்று அருளம்மா ஒட்டுசுட்டான் தாண்டும்வரை முனகவில்லை. அன்றிலிருந்து இதுதான் வழக்கம். காசு வாங்குவதில்லை. ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, உடம்பைப் பார்ப்பார். மெலிந்த பெடியள் நாலுபேர் கைகாட்டினாலும் ஏற்றுவார், ஆனால் முகத்தில் ஒரு சந்தோசமும் இராது. நெல்மூட்டையோடு ஒருவர் நின்றால் தானே இறங்கிப்போய்த் தூக்குவார்.

"உவர் மீன்பிடிச் சங்கத் தலைவருக்கு நிக்கப்போறார். அதுதான் ஓசிச் சவாரி" என்று வண்டியின் பின்பெட்டிக்குள் இருந்துகொண்டே அப்புத்துரை சொல்லுவார். அவர் இரண்டு மூட்டை கனம். யோசெப் அவருக்கு ஒரு சொல்லும் திருப்பிச் சொன்னதில்லை.

காரணத்தை அருளம்மாவிடமும் சொல்லவில்லை. தனக்காக இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு திரிகிறார் என்று தெரிந்தால் அடுத்த புதன் அவர் பாயைவிட்டு எழும்பமாட்டார். "கதைக்கு ஆளில்லாட்டி உங்களுக்கு வாகனம் ஓடாது" என்று அவர் பேசுவார். "ஓம், எனக்குப் பொழுது போகோணுமே" என்பார் யோசெப்.

போன புதன்கிழமை, வழியில் எல்லோரும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். முள்ளியவளையில், தேத்தண்ணிக் கடை நாகேஸ்வரி கூரையில் தட்டினார். நல்ல உடம்புக்காரி. இறங்கித் தன் அரிசி மூட்டையையும் நிலத்தில் இறக்கிவிட்டார். இனிப் பின்பெட்டி வெறுமை. கடற்கரைக்கு இன்னும் ஆறு மைல், அதிலும் கடைசித் துண்டுதான் ஆக மோசம். முன் ஆசனத்தில் அருளம்மா, வாய் சற்றுத் திறந்தபடி, நித்திரை.

யோசெப் இறங்கிப் பின்னுக்குப் போனார். "அக்கா, எங்கடை வீடு மட்டும் வாறியளோ? பிறகு நானே கொண்டுவந்து விடுறன்."

"எனக்கென்ன அங்கை அலுவல்? கடை பூட்டிக் கிடக்குது."

யோசெப் முன் ஆசனத்துப் பக்கம் தலையைத் திருப்பினார். நாகேஸ்வரி எட்டிப் பார்த்தார். சாய்ந்து கிடந்த தலையைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தார்.

"அப்ப இதையும் தூக்கிப் போடும்" என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினார்.

யோசெப் மூட்டையை ஏற்றினார். நாகேஸ்வரி ஏற, கை கொடுத்தார். பிறகு பின்கதவின் சங்கிலியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் மெல்லச் சாத்தினார்.